கம்பத்துக்குப் போவோம், தோழர்களே!

மலேசியாவின் 16ஆவது பொதுத்தேர்தல் நெருங்குகிறது. 2028 தொடக்கத்துக்குள் அது நடந்தே ஆகவேண்டும். நாடாளுமன்றம் எப்போது வேண்டுமானாலும் கலையலாம். மேடைகள் தயார். ஒலிபெருக்கிகள் தயார். டிக்டாக் காணொளிகள் தயார். நாம் தயாரா?

நேராகக் கேட்கிறேன், தோழரே. மார்க்கத்தின் பேரால் வாக்குக் கேட்பவர்கள் மலாய் உழைப்பாளியிடம் இரவு இரவாகப் போகிறார்கள். உன் மார்க்கத்துக்கு ஆபத்து என்கிறார்கள். உன் இனத்துக்கு ஆபத்து என்கிறார்கள். அதே உழைப்பாளியின் வீட்டுப் படியேறி, அவருடைய கூலியைப் பற்றி, அவருடைய கடனைப் பற்றி நாம் எத்தனை இரவு பேசியிருக்கிறோம்?

யாரும் நம்மைத் தடுக்கவில்லை. நாமே நின்றுவிட்டோம். தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டோம். கோயில் மண்டபத்தில் நின்றுவிட்டோம். மலாய்க் கிராமங்களான கம்பங்களுக்கு நாம் போகாத அந்த ஆண்டுகளில்தான் அவர்கள் அங்கே மேடை போட்டார்கள்.

செராமா என்ற அரசியல் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். கெடாவில் ஒரு கம்பத்துத் திடல். இரவுத் தொழுகை முடிந்த நேரம். ஜெனரேட்டர் உறுமுகிறது. ஓரத்தில் பர்கர் கடை, தே தாரிக் கடை. புல்லில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வயலில் வேலை முடித்தவர் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் வேலைச் சட்டையோடே வந்திருக்கிறார். தொழிற்சாலை வேனில் இருந்து இறங்கிய பெண், தூங்கும் குழந்தையை மடியில் போட்டிருக்கிறார். நன்கொடை வாளி கைமாறி வருகிறது. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி. இல்லாதவர்கள் போடும் காசு.

மேடையில் இருப்பவர் எதில் ஆரம்பிக்கிறார் தெரியுமா? அரிசி விலையில் ஆரம்பிக்கிறார். உர விலைக்குப் போகிறார். வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு வருகிறார். கூட்டம் தலையாட்டுகிறது. உண்மையைத்தானே சொல்கிறார்! பிறகுதான் கேட்கிறார், இதற்கெல்லாம் யார் காரணம் என்று. முதலாளியின் பெயர் வராது. தோட்டக் கம்பெனியின் பெயர் வராது. அரிசி இறக்குமதியை ஒற்றைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் வராது. ஜனநாயக செயல் கட்சியான ஜசெக வரும். சீனர் வருவார். நாமும் வருவோம். இந்த வாக்குக்கு மறுமையில் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்ற எச்சரிக்கை வரும்.

அந்தத் திடலில் எரியும் கோபம் யாருடைய கோபம், தோழரே? நம் கோபம். அதே விலைவாசி. அதே கூலி. அதே கடன். நாம் திரட்டியிருக்க வேண்டிய கோபத்தை அவர்கள் திரட்டுகிறார்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாலிங்கை நினையுங்கள்!

கெடாவின் பாலிங். மலையடிவாரம். சிறு ரப்பர்த் தோட்டக்காரர்களின் ஊர். 1974இல் ரப்பர் விலை சரிந்தது. அரிசி விலை ஏறியது. விடியற்காலையில் மரம் சீவி எடுத்த பாலை விற்றால் ஒரு நாள் அரிசிக்குக் காணவில்லை. ஜனங்கள் காட்டுக்குள் போய் காடோங் கிழங்கைத் தோண்டினார்கள். அது விஷக் கிழங்கு. மெல்லியதாகச் சீவி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால்தான் விஷம் இறங்கும். பசி அவ்வளவு நாள் காத்திருக்குமா? கிழங்கைத் தின்று பிள்ளைகள் செத்தார்கள் என்ற செய்தி பரவியது. அரசு மறுத்தது. பாலிங் நம்பவில்லை.

டிசம்பர் முதல் நாள் ஆயிரக்கணக்கானவர்கள் பாலிங் ஊருக்குள் இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து கோலாலம்பூர் வீதியில் மாணவர்கள் இறங்கினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. இஸ்லாமிய இளைஞர் இயக்கத் தலைவர் அன்வார் இப்ராஹிமை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். ஏறக்குறைய 2 ஆண்டுகள் உள்ளே இருந்தார். இடதுசாரி அறிஞர் சையத் ஹுசின் அலியையும் அடைத்தார்கள். அவர் 6 ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தார். மார்க்க இளைஞரும் இடதுசாரிப் பேராசிரியரும் பட்டினிக்காரர்களின் பக்கம் நின்றதற்காக ஒரே கமுந்திங் முகாமில் கிடந்தார்கள்.

அப்போது ஆட்சியில் யார் இருந்தது, தோழர்களே? அம்னோ இருந்தது. அதோடு பாஸ் கட்சியும் இருந்தது! ஆம், இஸ்லாத்தின் பேரால் வாக்குக் கேட்கும் அதே பாஸ். 1974இல் அது தேசிய முன்னணியில் சேர்ந்து அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பாலிங் பசித்திருந்தபோது இரண்டு கட்சிகளும் ஒரே அரசில் இருந்தன.

1977 முடிவில் இருவரும் பிரிந்தார்கள். பிறகு தொடங்கியது போட்டி. யார் பெரிய முஸ்லிம்? யார் உண்மையான முஸ்லிம்?

1981 ஏப்ரலில் திரெங்கானுவில் பாஸ் கட்சியின் ஹாடி அவாங் பேசினார். அம்னோ காலனியாட்சியின் அரசமைப்பையும் காஃபிர்களின் சட்டத்தையும் கட்டிக் காக்கிறது, அதை எதிர்ப்பது ஜிஹாத், அதில் சாவது தியாகம் என்று பேசினார். ஹாடியின் ஆணை என்று அதைத் தட்டிகளில் எழுதி ஊர் ஊராக மாட்டினார்கள். என்ன ஆனது? ஒரே பள்ளிவாசலில் இரண்டு இமாம்கள். இரண்டு தொழுகைகள். எதிர்க்கட்சிக்காரர் அறுத்த இறைச்சியை இவர் தொடவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. ஜனாஸாவுக்குப் போகவில்லை. அண்ணன் தம்பி பேசாமல் போன கம்பங்கள் எத்தனை!

1985 நவம்பர் 19. மெமாலி. அது எங்கே இருக்கிறது? அதே பாலிங் வட்டாரத்தில் இருக்கிறது. இப்ராஹிம் லிபியா என்று ஜனங்கள் அழைத்த மார்க்க ஆசிரியரைப் பிடிக்கப் போலீஸ் போனது. ஊரார் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலையில் 18 பேர் செத்தார்கள். 14 பேர் கிராமத்தார். 4 பேர் போலீஸ்காரர்கள். இரு பக்கமும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். செத்தவர்கள் தியாகிகளா இல்லையா என்று கட்சிகள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டன. அனாதையான பிள்ளைகள் கம்பத்தில் வளர்ந்தார்கள்.

பதினோரு ஆண்டுகள்தான், தோழர்களே! ரப்பர் விலைக்காகச் சேர்ந்து நடந்த வட்டாரம், பதினோராவது ஆண்டில் மார்க்கச் சண்டையில் ரத்தம் சிந்தியது. பசிக் கேள்வியை மார்க்கக் கேள்வியால் மூடினார்கள். அன்று மூடியதை இன்றுவரை நாம் திறக்கவில்லை.

திறங்கள்! பாலிங்கின் கதையை எல்லாக் கூட்டத்திலும் சொல்லுங்கள். மலாயில் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்.

அடுத்ததையும் கேளுங்கள். தலைவர்களின் பகை எத்தனை நாள் நீடித்தது என்று பாருங்கள்.

1999இல் பாஸும் ஜசெகவும் ஒரே கூட்டணி. 2001இல் உடைந்தது. அதே 2001 செப்டம்பர் 29இல், பாஸிடம் இருந்து மலாய் வாக்கைப் பிடுங்க, மலேசியா ஏற்கெனவே இஸ்லாமிய நாடுதான் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். மேடையில் ஒரு வாக்கியம். அரசமைப்பைப் பற்றி நாட்டு மக்களை யாரும் கேட்கவில்லை. 2008இல் பாஸும் ஜசெகவும் மறுபடி கைகோத்தன. அப்போது பாஸ் மக்கள்நல நாடு பற்றிப் பேசியது. நம் தோட்டத்து ஜனங்களே அந்த நிலாக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். 2015இல் உடைந்தது. 2016 மே மாதம், ஷரியா நீதிமன்றங்களின் தண்டனை அதிகாரத்தை உயர்த்தும் ஹாடியின் தனிநபர் மசோதாவுக்குப் பிரதமர் நஜிப்பின் அரசே நாடாளுமன்றத்தில் வழிவிட்டது. 1எம்டிபி என்ற அரசு நிறுவனத்தின் பணம் எங்கே என்று நாடு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

2019 ஆகஸ்டில் கோத்தா பாருவில் மார்க்கப் பிரசாரகர் ஜாகிர் நாயக் மலேசிய இந்துக்களின் விசுவாசத்தைப் பழித்துப் பேசினார். நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. முஸ்லிம் என்று பிறந்த எல்லாரையும் ஏசினோம். அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது! அடுத்த மாதம் 14ஆம் தேதி அம்னோவும் பாஸும் ஒரே மேடையில் ஏறி, முஸ்லிம் ஒற்றுமையின் பேரால் ஒப்பந்தம் போட்டன. மெமாலியின் இரு தரப்பும் கைகுலுக்கின. மெமாலியின் விதவைகளிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

2022இல் அந்த ஒப்பந்தமும் போனது. அன்வாரும் வேண்டாம், ஜசெகவும் வேண்டாம் என்று முழங்கிய அம்னோ, தேர்தல் முடிந்ததும் அன்வாரோடும் ஜசெகவோடும் அரசு அமைத்தது.

பார்த்தீர்களா, தோழரே? அவர்கள் சேர்வார்கள். பிரிவார்கள். மறுபடி சேர்வார்கள். கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே அவர்கள் கிழித்த கோடு மட்டும் அப்படியே இருக்கும்.

2022 நவம்பர் 19 தேர்தலை நாம் மறக்கவே கூடாது. 18 வயது நிரம்பியவர்கள் முதன்முதலாக வாக்களித்த பொதுத்தேர்தல் அது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில் முன்னாள் பிரதமர் முகைதீன் யாசின், யூத, கிறிஸ்தவக் குழுக்களோடு சேர்ந்து அன்வாரின் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி நாட்டைக் கிறிஸ்தவமயமாக்கப் பார்க்கிறது என்ற பொருளில் பேசினார். முடிவு வந்தது. பாஸ் 43 இடங்களோடு நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய தனிக்கட்சியானது. கெடாவின் 15 தொகுதிகளில் 14, பாஸும் முகைதீனும் சேர்ந்து நின்ற பெரிக்காத்தான் கூட்டணியின் கைக்குப் போயின. பாலிங்கும் போனது.

தேர்தல் முடிந்ததும் டிக்டாக்கில் 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டும் காணொளிகள் ஓடத் தொடங்கின. கத்தியைக் காட்டிய பிள்ளைகள் அந்தக் கலவரத்துக்கு முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்கள் கையில் அந்தக் கத்தியைக் கொடுத்தது யார்?

அடுத்த ஆகஸ்டில் மாநிலத் தேர்தல். பெரிக்காத்தானுக்குத் திரெங்கானுவில் 32க்கு 32. கிளந்தானில் 45க்கு 43. கெடாவில் 36க்கு 33. பச்சை அலை என்று பத்திரிகைகள் எழுதின. 1990 முதல் பாஸ் ஆளும் கிளந்தானில் குழாயில் வரும் மஞ்சள் தண்ணீரைப் பற்றி அந்தத் தேர்தல் மேடைகளில் யார் பேசியது? மார்க்கத்தின் பேரால் வென்ற 2 நாடாளுமன்றத் தொகுதிகளின் முடிவை, கோலத் திரெங்கானுவையும் கெமாமானையும், லஞ்சம் காரணமாக 2023இல் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்ததே, அதை நம்மில் எத்தனை பேர் கம்பத்துக்குக் கொண்டுபோனோம்?

பாஸை மட்டும் சொல்லவில்லை. ஆளுங்கட்சிகளும் அதே சந்தையில்தான் நிற்கின்றன. 2024 மார்ச்சில் கேகே மார்ட் கடையொன்றில் இறைவனின் பெயர் அச்சான காலுறைகள் கிடைத்தன. தவறு நடந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வழக்கு நடந்தது, 60,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அதற்குள் அரசில் பங்கு வகிக்கும் அம்னோவின் இளைஞர் பிரிவு வாரக்கணக்கில் புறக்கணிப்புப் போராட்டம் நடத்திவிட்டது. பீடோரில், குவாந்தானில், கூச்சிங்கில் கடைகள் மீது பெட்ரோல் குண்டுகள் விழுந்தன. கல்லாவில் நின்றது சம்பளத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகள், தோழரே! நோன்பு மாதத்தில் இராவேலை பார்த்த பிள்ளைகள்!

அப்போது நம் அமைச்சர்கள் பேசினார்களா? நம் தலைவர்கள் பேசினார்களா? நாம் பேசினோமா? கூட்டணி உடைந்துவிடும் என்றார்கள். தேர்தல் வரும், மலாய் வாக்குப் போய்விடும், பொறுமையாக இருங்கள் என்றார்கள். பொறுத்தோம். பொறுத்ததால் மலாய் வாக்கு வந்ததா? ஒரு வாக்காவது வந்ததா?

மௌனத்துக்குக் கூலி உண்டு, தோழர்களே. அதைக் கொடுப்பவர்கள் நாம். மார்க்கம் பேசுபவனுக்கு எதிராக மார்க்கம் பேசுபவனையே நிறுத்தினால், அடுத்த தேர்தலில் இருவரும் இன்னும் ஓர் அடி முன்னால் வைப்பார்கள். 1981இல் இருந்து இதுதான் நடக்கிறது. ஒவ்வோர் அடியும் நம் குடிசைக்கும் நம் கோயிலுக்கும் நெருங்கி வருகிறது. மலாய் ஏழையின் தட்டுக்கும் நெருங்கி வருகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கசந்தாலும் கேளுங்கள். நம் பக்கத்திலும் மதத்தை விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்தும் வடக்கே இருந்தும் வரும் வெறுப்புக் காணொளிகள் நம் குழுக்களில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகின்றன. அனுப்பாதீர்கள்! அழித்துவிடுங்கள்! அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் கோயில் தலைவராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். இஸ்லாத்தைப் பழிக்கும் ஒவ்வொரு செய்தியும் அடுத்த செராமாவில் மேடையேறும். நம் கையாலேயே அவர்களுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள்.

இஸ்லாம் நம் எதிரி என்று யார் சொன்னது? 1956 முதல் 1969 வரை பாஸ் கட்சியின் தலைவராக இருந்தவர் புர்ஹானுதீன் அல்-ஹெல்மி. ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர், சிறை கண்டவர், மலாய் இடதுசாரிகளோடு தோளுரசி நின்றவர். அந்தக் கட்சியின் இளைஞர்களுக்கு இன்று அவரை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நாம் சொல்வோம்! 1947 அக்டோபர் 20இல் மலாயா முழுக்கக் கடையடைப்பு நடந்தது. மலாய் இடதுசாரிகளும் சீனரும் இந்தியரும் சேர்ந்து எழுதிய மக்கள் அரசமைப்புக்காக நாடே நின்றது. அந்தக் காலத்தின் தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை 1949 மே 4இல் பிரிட்டிஷார் தூக்கில் போட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை போட்டால் போதுமா, தோழரே? அவர் எல்லா இனத் தொழிலாளிக்கும் தலைவராக இருந்தார். நாம் யாருக்குத் தலைவர்?

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். பயத்தோடே வாருங்கள்.

போலீஸ் கூப்பிடும் என்ற பயம் இருக்கலாம். இனத்தையும் மதத்தையும் பேசினால் தேச நிந்தனைச் சட்டம் பாயும் என்ற பயம் இருக்கலாம். கூலியைப் பேசுங்கள்! வீட்டைப் பேசுங்கள்! அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தரை கூட்டும் பெண்களைப் பாருங்கள். ஒருவர் தலையில் துடோங், ஒருவர் நெற்றியில் பொட்டு. இருவரும் ஒரே குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். குத்தகை கைமாறும்போதெல்லாம் இருவரும் மறுபடி புது ஆட்கள். பதினைந்து ஆண்டு கூட்டியவருக்கும் அன்று வந்தவருக்கும் அதே குறைந்தபட்சக் கூலி, 1,700 ரிங்கிட். அந்த இரண்டு பெண்களும் ஒரே வாளியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். தேர்தல் நாளில் மட்டும் எப்படி இரண்டு எதிரிகள் ஆனார்கள்? அவர்களைச் சங்கத்தில் சேருங்கள். அவர்களோடு போய் அவர்கள் கம்பத்து வாசலில் நில்லுங்கள். துடோங் அணிந்த தோழர் முன்னால் பேசட்டும். பொட்டு வைத்த தோழர் பக்கத்தில் நிற்கட்டும். எந்த செராமாவாலும் அந்தக் காட்சிக்குப் பதில் சொல்ல முடியாது.

மலாய் பேசத் தயங்காதீர்கள். பள்ளியில் படித்த மொழிதானே! நோன்பு துறக்கும் நேரத்துக்குப் போங்கள். ஹரி ராயாவுக்குப் போங்கள். தீபாவளிக்கு அழையுங்கள். தேர்தல் சின்னத்தோடு போகாதீர்கள். வெள்ளம் வந்தால் போங்கள். நெல்லுக்கு விலை கிடைக்காத வாரம் போங்கள். ஆலை மூடிய மறுநாள் போங்கள். வாக்குக் கேட்கப் போவதற்கு முன்னால் பத்து முறை வேறு எதற்காவது போயிருங்கள்.

கிளைத் தோழர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கிளைக்கு மிக அருகில் இருக்கும் மலாய்க் கம்பத்தின் பெயரை இன்றே எழுதுங்கள். அங்கே போகும் இரண்டு பேரின் பெயரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இந்த மாதத்துக்குள் அவர்கள் போயாகவேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தின் முதல் பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். யாரும் கைதூக்கவில்லை என்றால் நீங்களே தூக்குங்கள், தோழரே. நாடாளுமன்றம் கலையும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே புறப்படுங்கள்!